காய்ச்சல் மரத்தைத் தேடிப் போனவர்

வீட்டில் வயது முதிர்ந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். கொயினா என்று சொன்னதுமே முகத்தைச் சுளிப்பார்கள். அவ்வளவு கசப்பு! வேப்பங்காய்கூட அதனிடம் தோற்றுப்போகும்.

ஆனால் அந்தக் கசப்புதான் ஒரு காலத்தில் உயிர் காத்தது. மலேரியாக் காய்ச்சல் வந்தால் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். நான்கு கம்பளி போர்த்தினாலும் குளிர் அடங்காது. ஒரு நாள் விட்டால் போலிருக்கும். மறுநாள் மீண்டும் வரும். ஊர் ஊராக மக்கள் மடிந்தார்கள். அந்த நோய்க்கு அன்று இருந்த ஒரே நல்ல மருந்து கொயினா.

கொயினா ஒரு மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. மரத்தின் பெயர் சிங்கோனா. அது நம் நாட்டு மரம் அல்ல. பத்தாயிரம் மைலுக்கு அப்பால், தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக் காடுகளில் வளர்ந்த மரம்.

அந்த மரம் நம் நீலகிரிக்கு எப்படி வந்தது? கொண்டுவந்தவர் யார்? அதற்காக யார் யார் என்ன விலை கொடுத்தார்கள்?

இந்தக் கதையின் நாயகர் சர் கிளமென்ட்ஸ் மார்க்கம். தென் துருவப் பகுதிக்குக் காப்டன் ஸ்காட்டை அனுப்பிவைத்தவர் என்று உலகம் அவரை அறியும். தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது.

கப்பலில் ஒரு சிறுவன்

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் ஒரு சிற்றூரில் 1830-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி மார்க்கம் பிறந்தார். தந்தை பாதிரியார். 1844-ல் சிறுவன் மார்க்கம் கடற்படையில் சேர்ந்தான். அப்போது அவனுக்கு வயது 13.

கப்பல் தென் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போயிற்று. அங்கேதான் பெரு நாட்டை முதன்முதலாகப் பார்த்தான். கடலோரம் மணல்காடு, அதற்குப் பின்னால் வானத்தை முட்டும் மலை. அந்தக் காட்சி அவன் மனதை விட்டு அகலவில்லை.

கடற்படையில் மாலுமிகளுக்குக் கசையடி கொடுக்கும் வழக்கம் இருந்தது. மார்க்கத்துக்கு அது பிடிக்கவில்லை. 1851-ம் ஆண்டு இறுதியில் வேலையை விட்டுவிட்டார். மறுவருடமே பெருவுக்குப் பயணமானார். தந்தை வழிச் செலவுக்குப் பணம் கொடுத்தார். இங்கா மன்னர்கள் ஆண்ட பழைய நகரமான கூஸ்கோவைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. கோவேறு கழுதை மீது மலை ஏறிப் போய் அதைப் பார்த்தார். மலைவாழ் மக்கள் பேசும் கெச்சுவா மொழியையும் கற்றார். பின்னாளில் அந்த மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதி வெளியிட்டார்.

ஒரு நாட்டுக்குள் மூன்று உலகம்

பெரு ஒரு விந்தையான நாடு. ஒரே நாட்டுக்குள் மூன்று உலகம் இருக்கிறது.

முதலாவது கடற்கரை. அங்கே மழை என்பதே அபூர்வம். ஆனால் கடலில் குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. அதில் மீன்கள் கோடி கோடியாய் மொய்க்கின்றன. மீனைத் தின்னப் பறவைகள் கூடுகின்றன. தீவுகளில் அந்தப் பறவைகளின் எச்சம் மலைபோல் குவிந்து கிடந்தது. மார்க்கம் காலத்தில் அதை வெட்டிக் கப்பலில் ஏற்றி, ஐரோப்பாவுக்கு எருவாக விற்றார்கள். பெரு அரசாங்கத்தின் கஜானாவை நிரப்பியது பறவை எச்சம் என்றால் நம்புவீர்களா? உண்மை அதுதான்!

இரண்டாவது மலை உலகம். அங்கே டிட்டிகாக்கா என்று ஓர் ஏரி உண்டு. பெருவும் பொலிவியாவும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வானகரத்துக்கு மேற்கே இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியையே நாம் கடல்போல் இருக்கிறது என்கிறோம். டிட்டிகாக்கா அதுபோன்ற நூற்றுக்கணக்கான ஏரிகளை விழுங்கிவிடும். அது இருக்கும் உயரமோ சுமார் 12,500 அடி. ஊட்டியைவிட ஐயாயிரம் அடி அதிகம்! புல்வெளிகளில் லாமா என்ற பிராணி மூட்டை சுமக்கும். அதற்கு ஒட்டகத்தின் முகம். ஆனால் திமில் கிடையாது. அதன் இனத்தைச் சேர்ந்த விக்குன்யா காட்டில் திரியும். அதன் ரோமம் பட்டைவிட மென்மையானது. மேலே காண்டார் கழுகு வட்டமிடும். இறக்கையை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குப் பத்து அடி!

மலையின் கிழக்குச் சரிவில் இறங்கினால் மூன்றாவது உலகம். எந்நேரமும் மேகம் தவழும் காடு. மரங்களில் பாசி தாடிபோல் தொங்கும். கட்டை விரல் அளவே உள்ள சிட்டுகள் பூவின் எதிரே அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள கரடி அங்கே வசிக்கிறது. தென் அமெரிக்காக் கண்டத்தில் உள்ள ஒரே கரடி இனம் அதுதான். இன்னும் கீழே இறங்கினால் அமேசான் பெருங்காடு. ஜாகுவார் என்ற புள்ளிச் சிறுத்தை, ஆறடி நீள நீர்நாய், ஐந்து நிறத்தில் பறக்கும் பெரிய கிளிகள்! அந்தக் கிளிகள் ஆற்றங்கரைக்குக் கூட்டமாய் வந்து களிமண்ணைக் கொத்தித் தின்னும் காட்சியைக் காண இன்று உலகெங்கிலுமிருந்து ஆட்கள் போகிறார்கள்.

பெரு நம் இந்தியாவில் பாதிகூட இல்லை. ஆனால் அங்கே 1,800-க்கு மேற்பட்ட பறவை இனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் சுமார் 1,300 இனங்கள்தான்.

கொடியில் ஒரு மரம்

மேகம் தவழும் அந்தக் காட்டில்தான் சிங்கோனா வளர்ந்தது. மலைவாழ் மக்கள் காய்ச்சலுக்கு அதன் பட்டையைக் கொடுத்தார்கள். அவர்கள் நாட்டுக்கு வந்த கிறிஸ்தவப் பாதிரிமார்கள் 17-ம் நூற்றாண்டில் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1820-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் இருவர் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். மருந்துக்குக் கிராக்கி ஏறியது.

பெரு விடுதலை அடைந்ததும், 1825-ல் தன் நாட்டுச் சின்னத்தை அமைத்தது. அதில் மூன்று படங்கள்: பிராணிகளுக்கு விக்குன்யா, தாவரங்களுக்குச் சிங்கோனா மரம், தாதுப் பொருள்களுக்குப் பொற்காசு கொட்டும் கொம்பு. அரசாங்கக் கொடியில் இன்றும் அந்த மரம் இருக்கிறது.

கொடியில் மரத்துக்கு மரியாதை. காட்டிலோ கோடரி! பட்டை வெட்டுவோர் காட்டுக்குள் புகுந்தார்கள். மரத்தை அடியோடு சாய்த்தார்கள். பட்டையை உரித்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்கள். மறு கன்று நடுவாரில்லை. இப்படியே போனால் மரமே அற்றுப்போகும் என்ற பயம் எழுந்தது.

மார்க்கம் இதற்குள் லண்டனில் இந்தியா சம்பந்தமான காரியாலயத்தில் வேலைக்கு அமர்ந்திருந்தார். இந்தியாவில் பிரிட்டிஷ் அரசாங்கம் கொயினாவுக்காகப் பெரும் பணம் செலவிட்டது. பட்டாளத்துச் சிப்பாய்கள் காய்ச்சலில் விழுந்தால் ஆட்சி நடப்பது எப்படி? மரத்தை இந்தியாவிலேயே பயிரிட்டால் என்ன? பெருவையும் அதன் மொழியையும் அறிந்த மார்க்கம், நானே போகிறேன் என்று முன்வந்தார். 1859-ல் அரசாங்கம் அந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது.

காட்டிலிருந்து ஓட்டம்

1860-ம் ஆண்டு ஜனவரியில் மார்க்கம் பெருவில் இறங்கினார். மனைவி மின்னாவும் உடன் வந்தார். ஜான் வெயர் என்ற தோட்டக்காரரும் வந்தார். மின்னாவை ஊரில் விட்டுவிட்டு, மார்க்கமும் வெயரும் மலை ஏறினார்கள். டிட்டிகாக்கா ஏரிக் கரையைக் கடந்து, தம்போபாத்தா என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள்.

பாதை இல்லை. கத்தியால் கொடியை வெட்டி வெட்டி நடந்தார்கள். மழை விடவில்லை. பூச்சிக் கடி. சாப்பாட்டு மூட்டையும் குறைந்துகொண்டே வந்தது. சிங்கோனாவில் பல ஜாதிகள் உண்டு. சிலவற்றில் மருந்து அதிகம். சிலவற்றில் ஒன்றுமே இராது. எது நல்ல ஜாதி என்று காட்டிக்கொடுத்தவர் மார்த்தினெஸ் என்ற உள்ளூர்ப் பட்டை வெட்டி. அவர் இல்லாவிட்டால் மார்க்கம் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார். ஐந்நூறுக்கு மேற்பட்ட கன்றுகளை வேரோடு எடுத்துப் பாயில் சுற்றிக் கட்டினார்கள்.

செய்தி பரவிவிட்டது! வெள்ளைக்காரன் நம் மரத்தைக் கொண்டுபோகிறான், தடுத்து நிறுத்துங்கள் என்று மார்த்தேல் என்பவர் ஊருக்கு ஊர் கடிதம் எழுதினார். அந்த மக்கள் கோபித்ததில் தப்பு உண்டா? பட்டை வியாபாரம்தான் அவர்கள் பிழைப்பு. கன்று கடல் கடந்தால் அந்தப் பிழைப்பு போய்விடும்.

மார்க்கம் ஒரு தந்திரம் செய்தார். வெயரை வழக்கமான பாதையில் அனுப்பினார். தாம் மட்டும் கன்றுகளோடு யாரும் அதிகம் போகாத மலைப் பாதையில் புறப்பட்டார். இரவில் உறைபனி. கன்று கருகிவிடுமோ என்ற கவலை. ஒருவழியாகத் துறைமுகம் வந்து சேர்ந்தார். அங்கே சுங்க அதிகாரி, மேலிடத்து உத்தரவு இல்லாமல் பெட்டியை விடமாட்டேன் என்று மறுத்தார். தலைநகரம் லீமாவுக்குப் போய் உத்தரவு வாங்கினார் மார்க்கம். கண்ணாடிப் பெட்டிகளில் கன்றுகள் கப்பல் ஏறின.

பாடுபட்டதற்குப் பலன்? அந்தோ! பனாமா, இங்கிலாந்து, செங்கடல் என்று கன்றுகள் பாதி உலகத்தைச் சுற்றின. செங்கடலின் வெயில் அவற்றை வாட்டியது. 1860 அக்டோபரில் மார்க்கம் கள்ளிக்கோட்டையில் இறங்கி ஊட்டிக்கு ஏறியபோது, பெட்டிகளில் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. சில வாரங்களில் எல்லாக் கன்றுகளும் பட்டுப்போயின.

கை கொடுத்த நோயாளி

மார்க்கம் முன்யோசனைக்காரர். ஒரே கூடையில் எல்லா முட்டையையும் அவர் வைக்கவில்லை. பெருவுக்கு வடக்கே உள்ள ஈக்வடார் நாட்டில் இதே வேலைக்கு ரிச்சர்டு ஸ்ப்ரூஸ் என்ற தாவர அறிஞரை ஏற்பாடு செய்திருந்தார்.

ஸ்ப்ரூஸ் அதற்கு முன்பே பல வருடம் அமேசான் காட்டில் அலைந்தவர். உடம்பு நைந்துபோயிருந்தது. 1860-ல் முதுகும் காலும் மரத்துப்போய்ப் படுத்துவிட்டார். அந்த நிலையிலும் சிம்பராசோ என்ற பனிமலையின் அடிவாரத்துக்குப் போய்ச் சிவப்புப் பட்டைச் சிங்கோனாவைச் சேகரித்தார். ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் துணை நின்றார். ஒரு லட்சம் விதை! 637 கன்று!

விதைகளும், உயிரோடு தப்பிய கன்றுகளும் 1861-ல் ஊட்டி வந்து சேர்ந்தன. நீலகிரியில் வேர் பிடித்த சிவப்புப் பட்டைச் சிங்கோனா இந்த நோயாளி மனிதர் அனுப்பியதுதான். அதே 1861-ல் ஸ்ப்ரூஸ் பணம் போட்டிருந்த இடம் திவாலாகி, அவர் சேமிப்பு முழுவதும் போயிற்று. மார்க்கம் அவரை மறக்கவில்லை. அரசாங்கத்திடம் மன்றாடி அவருக்கு ஓய்வு ஊதியம் வாங்கிக் கொடுத்தார்.

நீலகிரியில் பெருவின் மரம்

ஊட்டி அரசாங்கத் தோட்டத்தை உருவாக்கிய வில்லியம் மக்ஐவர் கன்றுகளை ஏற்றுக்கொண்டார். எந்த உயரம், எந்தச் சரிவு, எவ்வளவு மழை என்று மார்க்கமும் அவரும் மலை மலையாய்ப் பார்த்து இடம் தேர்ந்தார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் எழுந்தது.

நடுவட்டத்தில் வேலை செய்தவர்களில் சீனக் கைதிகளும் உண்டு. மலாய் நாட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். விடுதலையான பிறகு சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்துகொண்டார்கள். அவர்களை அடைத்துவைத்த சிறைக் கட்டடம் நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது.

மக்ஐவர் ஓர் அருமையான வழி கண்டார். மரத்தை வெட்டவில்லை. பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்தார். உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோல! மீண்டும் பட்டை வளர்ந்தது. புதுப் பட்டையில் மருந்து இன்னும் அதிகமாய் இருந்தது. கொன்று தின்னாமல் கறந்து குடிக்கும் வழி இது.

ஆனால் இதற்கு வேறொரு விலை உண்டு. சிங்கோனா நட இடம் வேண்டுமே! நீலகிரியின் சோலைக்காடுகள் வெட்டப்பட்டன. மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து ஆற்றுக்கு விடுபவை அந்தச் சோலைகள். கருமந்தி வாழும் இடம் அது. ஒரு நாட்டுக் காட்டு மரத்தைக் காப்பாற்ற, இன்னொரு நாட்டுக் காடு அழிந்தது. அந்நாளில் அதைப் பற்றி நினைத்தவர்கள் மிகச் சிலரே.

ஜாவா முந்தியது

நீலகிரிச் சிவப்புப் பட்டையில் கொயினா குறைவு. அதிகக் கொயினா உள்ள வேறு ஜாதி பொலிவியாவில் இருந்தது. 1865-ல் அதன் விதை லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரி மூலம் லண்டனுக்கு வந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் வாங்க மறுத்தது. டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாத் தீவில் நட்டார்கள். பிறகு உலகத்துக் கொயினாவில் பெரும்பங்கு ஜாவாவுக்கே சொந்தமாயிற்று.

அந்த விதையைக் காட்டில் பொறுக்கிக் கொடுத்தவர் மமானி என்ற பொலிவிய மலைவாசி. விதை கொடுத்த குற்றத்துக்காக அவரைச் சிறையில் போட்டு அடித்தார்கள். அந்த அடியால் அவர் இறந்தார். கொயினா சாப்பிட்டுப் பிழைத்தவர்களில் எத்தனை பேருக்கு மமானியின் பெயர் தெரியும்?

மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதற்கு 1897-ல் டாக்டர் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் சான்று கண்டார். அதே வருடம் நீலகிரியின் சீகூர் மலைப் பாதைப் பக்கம் போனபோது அவருக்கே மலேரியா பிடித்தது. 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தபோது, உலகமே கொயினாவுக்குத் தவித்தது. இந்தியாவில் இருந்த சிங்கோனாத் தோட்டங்களின் அருமை அப்போது தெரிந்தது.

பிற்காலத்தில் செயற்கை மருந்துகள் வந்தன. சிங்கோனா இருந்த இடத்தில் தேயிலை வந்தது. ஆனைமலையில் வால்பாறை அருகே ஓர் ஊருக்குச் சின்கோனா என்றே பெயர். மரம் போனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்

மார்க்கம் 1893 முதல் 1905 வரை லண்டன் ராயல் பூகோள சங்கத்தின் தலைவராக இருந்தார். 1896-ல் சர் பட்டம் பெற்றார். அவர் முயற்சியால்தான் 1901-ல் ஸ்காட்டின் கப்பல் தென் துருவப் பகுதிக்குப் புறப்பட்டது. 1912-ல், இரண்டாவது பயணத்தில், ஸ்காட் பனியில் மாண்டார். கிழவர் மார்க்கம் துடித்துப்போனார்.

பெருவை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அந்த நாட்டின் சரித்திரத்தை எழுதினார். பழைய ஸ்பானிஷ் நூல்களை மொழிபெயர்த்தார். கன்றைக் கொண்டுபோனவர் மீது பெருவுக்கு வருத்தம் இருக்கலாம். ஆனாலும் 1946-ல் லீமாவில் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். கடற்படையில் சிறுவனாய் இருந்தபோது படுத்ததுபோல், தூளி போன்ற தொங்கு படுக்கையில்தான் படுப்பார். வீட்டில் மின்விளக்கு இருந்தும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் புத்தகம் படிப்பார். 1916 ஜனவரியில் ஓர் இரவு அப்படிப் படித்துக்கொண்டிருந்தபோது படுக்கையில் தீப்பிடித்துக்கொண்டது. ஜனவரி 30-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. வயது 85.

இன்றைய நிலை

மார்க்கம் கன்று எடுத்த தம்போபாத்தா ஆறு பாயும் காட்டின் பெரும்பகுதியை, 1996-ல் பெரு அரசாங்கம் தேசிய வனமாக அறிவித்தது. அங்கே ஜாகுவாரும் நீர்நாயும் கிளிகளும் வாழ்கின்றன. ஆனால் கொடியில் இருக்கும் சிங்கோனா மரம் பெருவின் காடுகளில் அரிதாகிவிட்டது. அதை மீண்டும் நட முயற்சி நடக்கிறது.

இன்று மலேரியாவுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்து ஆர்ட்டிமிசினின் வகையைச் சேர்ந்தது. அதுவும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். சீன நாட்டுச் செடி. அதைக் கண்டுபிடித்த தூ யூயூ என்ற அம்மையாருக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு காலத்தில் மரப்பட்டை. இப்போது ஒரு செடி. அடுத்த நோய்க்கு மருந்து எந்தக் காட்டில், எந்த மரத்தில் இருக்கிறதோ யார் கண்டது? அது பெருவில் இருக்கலாம். நம் நீலகிரிச் சோலையிலும் இருக்கலாம். கண்டுபிடிக்கும் நாள் வரை அந்த மரம் நின்றால்தான் மருந்து கிடைக்கும்.